தில்லைப் பாட்டுச் சீமை – 14: புதுச்சேரிக்குப் போக வேண்டிய ரயில்

சென்ற இதழில் கோபாலகிருஷ்ண பாரதியோடு திருவிடைமருதூர் வரை போய்வந்தோம். ஆதனூர் நந்தனைத் தில்லைக்கு நடக்கவைத்துப் பாடிய பாரதி, அமரசிம்ம மகாராஜாவின் ஆதரவில் திருவிடைமருதூரில் இருந்த ராமதாஸ் என்ற இந்துஸ்தானி வித்துவானிடம் பாடம் கேட்டவர். உ.வே.சாமிநாதையர் எழுதிய பாரதி வரலாற்றில் இந்தச் செய்தி வருகிறது. தஞ்சை மராட்டியர் அரண்மனையில் தெலுங்குப் பதமும் மராத்திக் கீர்த்தனமும் இந்துஸ்தானியும் தமிழும் அடுத்தடுத்து ஒலித்த காலம் அது. சிதம்பரத்தின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோன கதைப்பாட்டுக்குள் வடநாட்டு வாடை முதலிலேயே ஏறியிருந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. வடக்கிலிருந்து வந்து, இங்கே உட்கார்ந்து கேட்டு, கேட்டதைத் தன் தொண்டையில் ஏற்றிக்கொண்டு திரும்பிய பாடகர் ஒருவரின் கதை. கடைசி முறை வந்தபோது அவர் உயிரோடு திரும்பவில்லை. கிரானா கரானா என்ற வடநாட்டுப் பாட்டு மரபை நிலைநாட்டிய உஸ்தாத் அப்துல் கரீம் கான்தான் அவர். கடலூர், சிதம்பரத்து இசை வரலாற்றில் மிராஜ்காரர் ஒருவருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அத்தியாயத்தை முடிக்கும்போது அந்தக் கேள்விக்கு வருவோம்.

கைரானாவிலிருந்து மிராஜுக்கு

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில், குருக்ஷேத்திரத்துக்கு வெகுதூரமில்லாத ஊர் கைரானா. 1872 நவம்பர் 11 அன்று அங்கே பிறந்தார் அப்துல் கரீம். வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாட்டும் சாரங்கியும்தான். தகப்பனார் காலே கானிடமும் உறவினர் அப்துல்லா கானிடமும் பாடம். சிறுவயதில் சாரங்கி வாசித்தார், வீணையிலும் கை பழகினார். பின்னாளில் அவர் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு அறுபடாமல் வழுக்கிப் போனதற்கு அந்தச் சாரங்கிப் பழக்கம்தான் காரணம் என்பார்கள் கேட்டவர்கள்.

இளைஞராகச் சகோதரர் அப்துல் ஹக்குடன் பரோடாவுக்குப் போனார். சாயாஜிராவ் கெய்க்வாட் மகாராஜாவின் சமஸ்தானத்தில் பாடகர் வேலை கிடைத்தது. அங்கே தாராபாய் மானேயின் பழக்கம் ஏற்பட்டது. அவர் அரண்மனையோடு உறவுள்ள சர்தார் வீட்டுப் பெண். பாட வந்த முஸ்லிம் இளைஞரும் மராட்டிய சர்தார் மகளும் கல்யாணம் செய்துகொள்வதைச் சமஸ்தானம் பொறுக்குமா? இருவரும் பரோடாவை விட்டே கிளம்பவேண்டியதாயிற்று. பம்பாய் போய், பிறகு மிராஜில் நிலைகொண்டார் கான்.

மிராஜ் மகாராஷ்டிரத்தின் தென்கோடி. அங்கிருந்து கன்னட நாடு கூப்பிடு தூரம். ரயில் ஏறினால் பெல்காம், தார்வார், ஹூப்ளி என்று மைசூர்ப் பக்கம் இறங்கிவிடலாம். பெரிய தர்கா ஒன்று, தம்புரா செய்யும் கைவினைஞர்கள், வந்துபோகும் பாட்டுக்காரர்கள். வடநாட்டுப் பாட்டு வித்துவானுக்குத் தென்னாட்டுக் காற்று படுகிற இடத்தில் வீடு அமைந்துவிட்டது. மைசூர் அரண்மனை அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தது. அங்கே தஞ்சாவூர் வழியில் பழகிய வித்துவான்களின் பாட்டைக் கேட்கும் வாய்ப்பும் கூடவே வந்தது.

1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்யாலயம் தொடங்கினார். வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுத் தங்கவைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். செலவுக்குப் பணம் கச்சேரியிலிருந்து வரவேண்டும். ராஜாக்கள் கூடத்தில் பாடிய உஸ்தாத் டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் பாடத் தொடங்கினார். திப்பு மியான் என்ற தன் நாயைச் சுருதியோடு சேர்ந்து குரல் கொடுக்கப் பழக்கி மேடையில் ஏற்றினார் என்ற கதையும் உண்டு. கரானா ரகசியம் வெளியே போகக்கூடாது என்று மகனுக்கே முழுசாகச் சொல்லிக் கொடுக்காத உஸ்தாதுகள் இருந்த காலத்தில், சாதி பார்க்காமல் வெளியாருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் இவர்.

வீட்டுக் கதவு மட்டும் சரியாக அமையவில்லை. 1922 வாக்கில் தாராபாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்துபோனார். பிள்ளைகளுக்குப் புதுப் பெயரும் வைத்தார். அப்துல் ரஹ்மான் சுரேஷ்பாபு மானே ஆனார், சம்பாகலி ஹீராபாய் பரோடேகர் ஆனார், இளையவள் சரஸ்வதி ஆனார். ஐந்து பிள்ளைகளும் பாட்டுக்காரர்களாக வளர்ந்தார்கள். அவர்களில் ஹீராபாய், பெண்கள் டிக்கெட் கச்சேரி செய்ய முன்வராத காலத்தில் மேடை ஏறி, மகாராஷ்டிரத்தின் பெரிய பெயர்களில் ஒன்றானார். தகப்பனார் பெயரைத் தாங்காமலே தகப்பனார் பாணியைத் தாங்கினார்கள்.

நிஷாதத்தில் நின்ற தம்புரா

கிரானா பாணி என்றால் என்ன என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லலாம்: ஸ்வரத்தை அவசரப்படுத்தாதே. விளம்ப காலத்தில் ராகத்தைத் திறந்து, ஷட்ஜத்திலேயே வெகுநேரம் நின்று, அடுத்த ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் காட்டி, கேட்பவர் அதை எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகே அதில் போய் இறங்குவது. தாளக் கணக்கு பின்னால் நிற்கும், வார்த்தையும் பின்னால் நிற்கும். குவாலியர், ஆக்ரா வழியில் பழகியவர்கள் இதில் விறுவிறுப்பு போதாது என்றார்கள். கானின் குரலும் ஓங்கிய கம்பீரக் குரல் அல்ல. மெல்லியது, உச்சத்தில் சஞ்சரிப்பது, மூக்கொலி சற்றுத் தூக்கலானது. சுருதியில் மட்டும் இம்மி பிசகாது.

சுருதிக்காக அவர் பட்ட பாடு தனி. தம்புராவைத் தானே பழுதுபார்ப்பார், தானே சேர்ப்பார். நம் பக்கத்தில் தம்புராவின் முதல் தந்தியைப் பஞ்சமத்தில் வைப்பது வழக்கம். கிரானா பாட்டுக்காரர்கள் ராகத்தைப் பார்த்து அதை நிஷாதத்தில் வைப்பார்கள். ஷட்ஜத்துக்கு அரைப்படி கீழே நிஷாதம் ஓயாமல் ஒலிக்கும்போது ஷட்ஜத்தில் போய்ச் சேரும் ஒவ்வொரு தடவையும் ஓர் இளைப்பாறலாக இருக்கும். பாடகர் ஒன்றும் பெரிதாகச் செய்யவேண்டாம், நிஷாதத்திலிருந்து ஷட்ஜத்துக்கு ஏறினாலே போதும், சபை தலையசைக்கும்.

22 சுருதி என்று சாஸ்திரம் சொல்வது காதில் எங்கே இருக்கிறது என்று தேடிய இருவருக்கும் கான் துணைநின்றார். ஒருவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி கே.பி. தேவல். மற்றவர் ஐ.சி.எஸ். நீதிபதி கிளெமென்ட்ஸ். அவர்கள் அளந்து பார்க்கக் கான் பாடிக்காட்டினார். அந்த முடிவுகளை இசையறிஞர் பாத்கண்டே போன்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, சச்சரவு வெகுநாள் நடந்தது. ஆனால் அந்த நாளைய உஸ்தாதுகளில் தன் குரலை அளவுகோலுக்கு முன்னால் நிறுத்தச் சம்மதித்தவர்கள் அபூர்வம்.

தெற்கில் கேட்ட ஸ்வரம்

சென்னைக்கு வரும்போதெல்லாம் கான் போய் உட்கார்ந்த இடங்களில் ஒன்று வீணை தனம்மாள் வீடு. தனம்மாளின் வெள்ளிக்கிழமை மாலைகள் பெயர்போனவை. விளம்பரம் கிடையாது, மேடை கிடையாது. நாதம் சின்னது. பக்கத்தில் நெருங்கி, மூச்சை அடக்கி உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு அசைவும் காதில் விழும். சத்தம் போட்டால் அம்மாள் வீணையைக் கீழே வைத்துவிடுவார் என்று வந்தவர்களுக்கெல்லாம் பயம். ஒரு ஸ்வரத்துக்காக வெகுநேரம் காத்திருக்கத் தெரிந்த கானுக்கு இதைவிடப் பொருத்தமான சபை எங்கே கிடைக்கும்?

தெற்கிலிருந்து அவர் எடுத்துப்போனவற்றில் முதலில் சொல்லவேண்டியது ஸ்வரம் பாடும் பழக்கம். நம் பாட்டில் கல்பனாஸ்வரம் கச்சேரியின் எலும்பு மாதிரி. பல்லவி, அனுபல்லவி, சரணத்தில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு ‘ஸரிகம’ என்று பெயர் சொல்லியே கற்பனை செய்வது. வடக்கே அந்த நாளில் ஸர்கம் என்பது பெரும்பாலும் பாடம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நின்றுவிடும். சபையில் பாடுவது வித்துவத்துக்கு அழகல்ல என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். கான் அதைக் கயாலுக்குள் கொண்டுவந்தார். நம் வித்துவான்களைப் போல ஆவர்த்தனக் கணக்கை அடுக்கிக் கோர்வை வைத்து முடிப்பது அவர் வேலை அல்ல. வார்த்தைக்குப் பதிலாக ஸ்வரத்தின் பெயரையே வைத்துக்கொண்டு ராகத்தை விரித்தார். இன்று கிரானாக்காரர் பாடும்போது நடுவே ஸர்கம் வந்தால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. அதற்கு வழி போட்டவர் கான்.

இரண்டாவது, தியாகராஜர் கிருதி. ‘ராம நீ சமானமெவரு’ கீர்த்தனத்தை கரகரப்பிரியாவில் பாடி இசைத்தட்டிலும் பதிவுசெய்தார். சாவேரியில் ஸர்கமும் தட்டில் இருக்கிறது. இந்தக் கரகரப்பிரியாவைக் கேட்டுப் பார்த்தால் இரண்டு சங்கீதத்துக்கும் நடுவிலுள்ள வரப்பு எங்கே ஓடுகிறது என்று தெரியும். ஸ்வரங்களை எண்ணினால் கரகரப்பிரியாவும் வடக்கத்திக் காபி தாட்டும் ஒன்றுதான். ஆனால் நம் வித்துவான் கரகரப்பிரியாவின் காந்தாரத்தை அசைக்காமல் விடமாட்டார், அந்த அசைவில்தான் ராகத்தின் முகமே இருக்கிறது. கானோ அந்த அசைவை அறிந்துகொண்டு தன் குரலுக்கு ஏற்றவாறு மென்மையாக்குகிறார். தெலுங்கு உச்சரிப்பு வடநாட்டுக்காரருடையதுதான். ஆனால் வேடிக்கைக்காகப் பாடிய பாட்டாக அது கேட்பதில்லை, மரியாதையோடு கற்றுக்கொண்டு பாடிய பாட்டாகவே கேட்கிறது.

மூன்று நிமிடத்தில் ஒரு ராகம்

1904-05 வாக்கில் கிராமபோன் கம்பெனிக்குச் சில தட்டுகள் கொடுத்தார். பிறகு நீண்ட இடைவெளி. 1930களின் நடுவில் ஓடியன் கம்பெனிக்காகப் பாடியவைதான் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஒரு மணி நேரம் விரிக்க வேண்டிய ராகத்தை அதில் அடைக்க வேண்டும். விஸ்தாரமே உயிரான ஒரு பாணிக்கு இது தண்டனை. கான் இந்த இக்கட்டைச் சமாளித்த விதம் கவனிக்கத்தக்கது. விரிப்பதை விட்டார். ராகத்தின் மிக முக்கியமான இரண்டு மூன்று பிடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தும்ரியின் ஏக்கத்தோடு திரும்பத் திரும்பப் பாடினார்.

பைரவியில் ‘ஜமுனா கே தீர்’ தட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வடக்கத்தி பைரவியின் ஸ்வரங்கள் நம் தோடிக்குரியவை, சாயல் நம் சிந்துபைரவிக்கு நெருங்கியது. அதனால்தான் மொழி புரியாத தமிழ்க் காதுக்கும் அந்தத் தட்டு அன்னியமாகப் படவில்லை. கான் பாடிய ஜிஞ்ஜோட்டித் தும்ரித் தட்டைக் கேட்டுத்தான் கதக் ஊர்ப் பையன் ஒருவன் பாட்டுக் கற்கவேண்டும் என்று வீட்டை விட்டு ஓடினான். கானின் சீடர் சவாய் கந்தர்வரிடம் போய்ச் சேர்ந்த அந்தப் பையன்தான் பின்னாளில் பாரத ரத்னா பெற்ற பீம்சேன் ஜோஷி. கங்குபாய் ஹங்கலும் அதே சவாய் கந்தர்வரிடம் கற்றவர்தான். ரோஷனாரா பேகம் கானிடமே கற்றவர். இவர்களில் பலர் கன்னட நாட்டுக்காரர்கள் என்பதையும் பார்க்கவேண்டும். கைரானாவில் பிறந்த பாணி வேர்விட்டது தார்வார்ப் பக்கத்தில்தான்.

சிங்கப்பெருமாள் கோவில்

1937 அக்டோபரில் கான் சென்னையில் இருந்தார். வயது 65ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னைக் கச்சேரி முடிந்ததும் புதுச்சேரிக்குப் புறப்பட்டார், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்கு. அந்த ஆசிரமத்தில் அப்போது வங்கப் பாடகர் திலீப் குமார் ராய் இருந்தார். இந்துஸ்தானி சங்கீதம் அறிந்த சபை ஒன்று பிரெஞ்சுப் புதுச்சேரியில் ஏற்கெனவே இருந்தது.

அன்றைய ரயில் வழியை நினைவில் கொள்ளுங்கள். எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டி ஏறினால் செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி விழுப்புரம். அங்கே தடம் பிரியும். நேரே போகும் மெயின் லைன் கடலூர், சிதம்பரம், மாயவரம் வழியாகத் தஞ்சாவூர் போகும். 1879இல் போட்ட கிளைத்தடம் கிழக்கே திரும்பிப் புதுச்சேரியில் முடியும். தென்னார்க்காடு ஜில்லாவுக்கும் பிரெஞ்சுக்காரர் ஊருக்கும் சங்கீதம் போன வழி இதுதான். கடலூருக்குக் கச்சேரிக்கு வரும் வித்துவானும் விழுப்புரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

கான் விழுப்புரம் வரை வரவில்லை. செங்கல்பட்டை எட்டுமுன்பே நெஞ்சுவலி. கூட வந்த சீடர்கள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறக்கினார்கள். பல்லவர் குடைந்த நரசிம்மர் கோயிலின் பெயரைத் தாங்கிய சின்ன ஸ்டேஷன் அது. ராத்திரி நேரம். பிளாட்பாரத்தில் படுக்கையை விரித்தார்கள். கான் எழுந்து உட்கார்ந்து தம்புராவைச் சுருதி சேர்க்கச் சொல்லி, தர்பாரியில் இறைவனைத் தொழுது பாடி, அப்படியே சாய்ந்தார் என்று சீடர் மரபு சொல்கிறது. 1937 அக்டோபர் 27. உடலை மிராஜுக்குக் கொண்டுபோய் அங்குள்ள தர்காவில் அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அங்கே அவர் நினைவில் சங்கீத விழா நடக்கிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பாட வருகிறார்கள்.

தில்லைக்கு என்ன மிச்சம்?

தொடக்கத்தில் தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். பாட்டு எங்கே வாழ்கிறது என்பதற்குக் கடலூர்ச் சீமையில் ஒரு பழைய பதில் இருக்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்தன, நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் அவற்றை மீட்டார்கள் என்பது எல்லாரும் அறிந்த கதை. அதன் பின்பாதியை அதிகம் பேர் நினைவில் வைப்பதில்லை. ஏட்டில் கிடைத்தது சொல் மட்டும்தான். பண் கிடைக்கவில்லை. அதற்கு அவர்கள் தேடிப்போனது விருத்தாசலத்துப் பக்கம் எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை. அவர் பாடிக்காட்டித்தான் பண்கள் வகுக்கப்பட்டன என்கிறது திருமுறை கண்ட புராணம். ஏடு தில்லையில் இருந்தது, பாட்டு ஓர் ஆளிடம் இருந்தது.

அப்துல் கரீம் கானின் வாழ்க்கையும் அதைத்தான் காட்டுகிறது. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் மாநாட்டுத் தீர்மானத்தால் நடந்ததில்லை. ராமதாஸிடம் பாரதி உட்கார்ந்தார், தனம்மாள் வீட்டில் கான் உட்கார்ந்தார். கேட்ட காதும் கற்ற தொண்டையும் பயணம் போன அளவுக்குத்தான் பாட்டும் பயணம் போயிற்று.

கான் காலமாகி நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1941 ஆகஸ்டில் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் தமிழ் இசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. எதிர்த்தவர்கள், சங்கீதத்துக்கு மொழி எதற்கு என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் கச்சேரியில் தெலுங்கு மட்டும் எப்படி நிரம்பி வழிந்தது என்று ஆதரித்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். சண்டை முழுக்கச் சாகித்தியத்தின் மொழியைப் பற்றியது. ராகம் எந்த ஊரைச் சேர்ந்தது என்று எந்தத் தரப்பும் கணக்குப் பார்க்கவில்லை.

அதற்குச் சாட்சி சில ஆண்டுகளிலேயே வந்தது. ஓதுவார் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாகவே நடித்துப் பாடி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை ஏற்றுச் சிதம்பரத்துக்கு வந்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். தமிழிசை இயக்கத்தின் முன்னணிக் குரல் அவர். புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ பாட்டுக்கு அவர் அமைத்த மெட்டு 1951இல் ‘ஓர் இரவு’ படத்தின் வழியாக ஊரெல்லாம் பரவியது. இன்றைக்கும் தமிழிசை என்றதும் பலர் வாயில் முதலில் வரும் பாட்டு அதுதான். மெட்டு தேஷ் ராகத்தில். வடக்கிலிருந்து வந்த ராகம்.

அதைக் குறை என்று சொல்வதற்கில்லை. தேவாரப் பண்ணில் ஊறிய ஒருவர் தமிழ்ச் சொல்லுக்குத் தேஷ் பொருந்தும் என்று கண்டார். தமிழ்ப் பாட்டு தமிழ்ப் பாட்டாகவே இருந்தது. கரகரப்பிரியா பாடிய கானின் சங்கீதம் கிரானாவாகவே இருந்தது போல. திருச்செங்காட்டங்குடியிலிருந்து சினிமா வழியாகச் சிதம்பரம் வந்த தேசிகரின் வாழ்க்கையையும், அண்ணாமலைநகர் வகுப்பறையில் பண்ணும் ராகமும் எப்படி ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்தன என்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)